நான்கு வார நல்கை

திங்கட்கிழமை காலை இயக்குநர் கரோலின் தன் அறைக்குக் கூப்பிட்டபோது, கோடையில் வரப்போகும் ஆய்வாளர்களுக்கு மேசை ஒதுக்குவது பற்றிப் பேசத்தான் என்று ஷ்யாமளா நினைத்தாள். எந்த மேசை யாருக்கு என்று ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொண்டும் போனாள். கரோலின் கதவைச் சாத்தச் சொன்னார். அந்த நூலகத்தில் யாரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதில்லை.

கலிபோர்னியாவில் சான்டா கிளாராவில் இருக்கும் ஹாலோவே நூலகத்திலிருந்து யாரும் எதையும் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. பழைய கடிதங்கள், புகைப்படங்கள், நில வரைபடங்கள், எப்போதோ இறந்துபோன பொறியாளர்களின் அலுவலகக் காகிதங்கள் என்று பெட்டி பெட்டியாகப் பாதுகாத்து வைத்திருக்கும் இடம் அது. அவற்றைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆய்வாளர்கள் வருவார்கள். அப்படி வருகிறவர்கள் நான்கு வாரம் தங்கிப் படிப்பதற்கு இடமும் செலவும் கொடுக்கிற ஏற்பாட்டுக்கு ஆய்வு நல்கை என்று பெயர். எட்டு வருடமாக அதைக் கவனித்துக்கொள்வதுதான் ஷ்யாமளாவின் வேலை. விண்ணப்பங்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புவாள். விசாவுக்குக் கடிதம் எழுதித் தருவாள். வந்து இறங்கியவர்களுக்கு பஸ் எங்கே நிற்கும், அரிசி எங்கே கிடைக்கும் என்பதையும் அவள்தான் சொல்வாள்.

"மானியம் நின்றுவிட்டது," என்றார் கரோலின். "இந்த வருடம் யாருக்கும் நல்கை இல்லை."

"ஏற்கெனவே தேர்வானவர்களுக்கு?"

"அவர்களுக்கும்தான். வக்கீல்கள் ஒரு மின்னஞ்சல் எழுதித் தந்திருக்கிறார்கள். நாளைக்குள் எல்லாருக்கும் போய்விட வேண்டும். உனக்குத்தான் அவர்களைத் தெரியும், ஷ்யாமளா."

மின்னஞ்சலைப் படித்துப் பார்த்தாள். அதில் வருந்துகிறோம் என்ற சொல்லே இல்லை. வருத்தம் தெரிவித்தால் தவறை ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும் என்று வக்கீல்கள் எடுத்துவிட்டார்களாம். இதை அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று ஷ்யாமளா முடிவு செய்தாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

லண்டனில் ஒருத்தி அழுதாள். சிகாகோவில் ஒருவர் திட்டினார், திட்டி முடித்ததும் மன்னிப்புக் கேட்டார். விருதுநகரில் பேராசிரியர் நாகரத்தினம் முதல் மணியிலேயே போனை எடுத்தார். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவர். பலமுறை விண்ணப்பித்து இந்த வருடம்தான் அவருக்குக் கிடைத்திருந்தது.

"சொல்லுங்கம்மா! நானே உங்களுக்கு மெயில் போடணும்னு இருந்தேன். அங்க ஜூன்ல குளிருமா? பையன் ரெண்டு ஸ்வெட்டர் வாங்கிட்டு வந்துட்டான். ஒண்ணு போதும்னா இன்னொண்ண கடையில திருப்பிக் குடுத்துடலாம்."

ஷ்யாமளா விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப ரெண்டையுமே திருப்பிக் குடுத்துடலாம்," என்றார் அவர். பிறகு, "நீங்க என்னம்மா பண்ணுவீங்க. அங்க இப்ப காலை நேரம்தானே? டிபன் சாப்டீங்களா?" என்று கேட்டார்.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஷ்யாமளா போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டபடி நின்றுகொண்டிருந்தாள்.

கடைசியாக மிஞ்சியவள் டெக்சாஸில் இருக்கும் வான்மதி, முதல் ஆளாக அந்த வாரமே வரவிருந்தவள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது இன்னொரு தடவை முயன்றாள். கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் மின்னஞ்சலை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் நூலகம் திறந்த கொஞ்ச நேரத்தில் வரவேற்பு மேசையிலிருந்து அழைப்பு வந்தது. "உன்னைப் பார்க்க ஒரு ஆய்வாளர் வந்திருக்கிறார். கையில் பெட்டி படுக்கையோடு."

படி இறங்கும்போதே ஷ்யாமளாவுக்கு யார் என்று தெரிந்துவிட்டது. முப்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடியை அள்ளி முடிந்திருந்தாள். நேற்றைய உடையிலேயே தூங்கி எழுந்துவந்த தோற்றம்.

"ஷ்யாமளா மேம்? நான் வான்மதி. நேத்து ஃப்ளைட் ரொம்ப டிலே. போன்லயும் சார்ஜ் இல்ல. உங்க கெஸ்ட் ஹவுஸ்ல போய்க் கேட்டா என் பேரே இல்லைங்கறாங்க. ஒரு மோட்டல்ல படுத்துட்டு நேரா இங்க வந்துட்டேன்."

ஷ்யாமளா அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். முந்தின நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வாக்கியங்கள் பழகிவிட்டிருந்தன. எதிரே ஆளை வைத்துக்கொண்டு சொல்லும்போது அவை பாதியில் நின்றன.

வான்மதி அழவில்லை. பெட்டியைச் சாய்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இது எனக்கு அஞ்சாவது ஃபெல்லோஷிப் மேம். ஒரு எடத்துல நாலு வாரம், இன்னொரு எடத்துல ரெண்டு வாரம். எல்லாத்தையும் ஒட்டவெச்சுத்தான் ஒரு புக்கு எழுதணும். அபார்ட்மென்ட்ட ஒரு மாசத்துக்கு சப்லீஸ் விட்டுட்டு வந்திருக்கேன். இப்பத் திரும்பிப் போனா என் வீட்ல வேற யாரோ தூங்கிட்டிருப்பாங்க."

"டிக்கெட் மாத்தறதுக்கு நான் டைரக்டர்கிட்ட பேசிப் பாக்கறேன்..."

"ரீடிங் ரூமையும் மூடிட்டீங்களா?"

"இல்ல. அது எல்லாருக்கும் தொறந்துதான் இருக்கு. யாரு வேணாலும் வந்து படிக்கலாம்."

"அப்ப நானும் அந்த யாரோதான்," என்று வான்மதி எழுந்தாள். "பேக்க எங்க வைக்கணும்?"

அன்று மாலை ஷ்யாமளா அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள். மலை தாண்டி லிவர்மோரில் வீடு. மகள் கல்லூரிக்காக சான் டியேகோ போனதிலிருந்து ஓர் அறை காலியாக இருந்தது. முதலில் வான்மதி வேண்டாம் என்றுதான் சொன்னாள். மோட்டலில் எத்தனை நாள் தாங்கும் என்று தனக்குள் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். பிறகு ஒன்றும் பேசாமல் பெட்டியைக் கார் டிக்கியில் தூக்கி வைத்தாள். 680 நெடுஞ்சாலையில் சுனோல் மேடு ஏறும்வரை வண்டிகள் ஊர்ந்தன. அதற்குள் அவள் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

ஷ்யாமளாவின் கணவன் மாரிசாமி மென்பொருள் வேலையில் இருப்பவன், பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. விருந்தாளி வந்தால் அவனுக்கு உற்சாகம் வந்துவிடும். சாப்பிடும்போது வான்மதியிடம் கேட்டான்.

"எதைப் பத்திம்மா ஆராய்ச்சி?"

"அடிபம்பு பத்திண்ணா."

"அடிபம்பா?"

"அறுபதுகள்ல பஞ்சம் வந்தப்போ, ஹெண்டிரிக்ஸ்னு ஒரு அமெரிக்கன் எஞ்சினியர் ராமநாதபுரம் ஜில்லாவுக்கு ரிக் வண்டியோட வந்தார். ஊர் ஊராப் போர் போட்டு அடிபம்பு வெச்சாங்க. அவரோட பேப்பர்ஸ் எல்லாம் மேம் லைப்ரரிலதான் இருக்கு. ஒவ்வொரு ஊர்லயும் பம்ப எந்தத் தெருவுல வைக்கணும்னு யார் முடிவு பண்ணினாங்க, அதான் என் கேள்வி."

"தண்ணி எங்க இருக்கோ அங்க வெச்சிருப்பாங்க," என்று மாரிசாமி சிரித்தான். "எங்க ஊர்லகூட ஒண்ணு இருந்துச்சே. கோவில்பட்டிலேருந்து உள்ள தள்ளிப் போகணும். கோயிலுக்கு நேர் எதிர்ல பம்பு. சின்ன வயசுல நாங்க அதுலதான் குளிப்போம்."

"அதுல யார் யார் தண்ணி அடிச்சாங்கண்ணா?"

"எல்லாரும்தான்."

"காலனிலேருந்து வந்தவங்களும் அடிச்சாங்களா?"

மாரிசாமி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினான். ஷ்யாமளா இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமா என்று கேட்டாள்.

"தெரியலம்மா," என்றான் அவன். "நான் கவனிச்சதில்ல."

"எங்கம்மா அருப்புக்கோட்டை பக்கம்ணா," என்றாள் வான்மதி. குரலில் குத்தல் இல்லை, களைப்புதான் இருந்தது. "அவங்க பம்பத் தொட்டதே இல்ல. யாராவது ஊத்தினா கொண்டுவருவாங்க. அவங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா அம்மா சொன்னாங்கன்னு எழுதினா புக்குல ஒத்துக்க மாட்டாங்க. பேப்பர் கேப்பாங்க."

அடுத்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே காரில் போய் வந்தார்கள். விடியும் முன்னால் கிளம்பினால்தான் நெரிசலில் மாட்டாமல் போக முடியும். காரில் அதிகம் பேசவில்லை. ஷ்யாமளாவுக்கு வேலையும் இல்லாமல் இல்லை. வராமல் போனவர்களின் விசாக் கடிதங்களை ரத்து செய்ய வேண்டியிருந்தது, மேசைகளை மடக்கி வைக்க வேண்டியிருந்தது. நடுநடுவே வாசிப்பறைப் பக்கம் போவாள். வான்மதி ஹெண்டிரிக்ஸின் பெட்டிகளில் ஒன்றைத் திறந்துவைத்து ஒவ்வொரு தாளாகத் திருப்பிக்கொண்டிருப்பாள். மதியம் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவில் கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிடுவார்கள்.

மேம் என்று கூப்பிட்டது இரண்டு நாளில் அக்கா ஆகியிருந்தது. ஒரு வாரம் முடியும்போது வான்மதி சொன்னாள், "இங்க இருக்கறதெல்லாம் அவர் பொண்டாட்டிக்கு எழுதின லெட்டர்தான்க்கா. வெயில், கொசு, காப்பி நல்லா இருக்கு. எனக்கு வேண்டியது சைட் ரிப்போர்ட், போட்டோ. அதெல்லாம் டிரேசி குடோன்ல இருக்குன்னு கேட்டலாக் சொல்லுது. மூணு பெட்டி. எப்ப வரும்?"

நூலகத்தில் இடம் போதாத பெட்டிகள் மலைக்கு அந்தப் பக்கம் டிரேசியில் ஒரு கிடங்கில் இருந்தன. வாரத்துக்கு இரண்டு முறை நூலகத்தின் வேன் போய்க் கேட்ட பெட்டிகளை எடுத்துவரும். மானியம் நின்ற அதே வாரத்தில் வேன் ஓட்டுநரையும் நிறுத்திவிட்டார்கள். ஷ்யாமளா கரோலினிடம் போய்க் கேட்டாள். ஆகஸ்ட்டில் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அன்று திரும்பும் வழியில் இதைச் சொன்னாள். மில்பிடாஸ் தாண்டியதும் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. வான்மதி முன்னால் நிற்கும் லாரியைப் பார்த்தபடி இருந்தாள்.

"நீங்க எல்லாம் ரொம்ப நல்லவங்கக்கா," என்றாள். "போன் பண்ணிச் சொல்றீங்க, வீட்ல எடம் குடுக்கறீங்க, சாதம் கட்டிக் குடுக்கறீங்க. எனக்கு ஒரு பெட்டி வேணும்னா மட்டும் ஆகஸ்ட்டுங்கறீங்க."

"நான் என்ன பண்ண முடியும் வான்மதி? நான் எடுத்த முடிவா இது?"

"யாருமே எதையும் முடிவு பண்ணலக்கா. எல்லா எடத்துலயும் இதான் சொல்றாங்க."

ஷ்யாமளாவுக்குக் கோபம் வந்தது. இந்தப் பெண்ணுக்காக நான் எவ்வளவு செய்கிறேன் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கி, அது 'நல்லவங்க' என்று அவள் சொன்னதற்குத்தான் ஆதாரமாகிறது என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் மாரிசாமி முகம் வாடி உட்கார்ந்திருந்தான். ஊருக்குப் போன் பண்ணி அண்ணனிடம் பேசியிருக்கிறான்.

"அந்தக் கோயில் பம்பு பத்திக் கேட்டேன் ஷ்யாமளா. யாரை அடிக்க விட்டோம், யாரை விடலன்னு. அண்ணன் கோவப்பட்டுட்டான். அமெரிக்காவுல உக்காந்துக்கிட்டு இதெல்லாம் எதுக்குடா தோண்டறன்னு கேட்டுட்டு வெச்சுட்டான்."

"நீங்க ஏன் கேட்டீங்க?"

"தெரியல. ஒரு வாரமா அதே நெனப்பா இருக்கு. அந்தப் பம்புல நான் எத்தனை தடவை குளிச்சிருக்கேன். சுத்தி யார் நின்னாங்கன்னு ஒரு முகம்கூட ஞாபகம் வரல."

இதை வான்மதியிடம் சொல்ல வேண்டாம் என்றான். ஆனால் அவள் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கேட்டிருப்பாள்.

வியாழக்கிழமை ஷ்யாமளா மறுபடி கரோலினின் அறைக்குப் போனாள். இந்த முறை கதவை அவளே சாத்தினாள்.

"நாளைக்கு நான் லீவ் எடுக்கிறேன். டிரேசிக்குப் போய் மூன்று பெட்டிகளை எடுத்துவரப் போகிறேன். கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு இருக்கிறது. போகக் கூடாது என்று நீங்கள் சொன்னால் போகவில்லை. ஆனால் எழுத்தில் கொடுங்கள்."

கரோலின் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். எட்டு வருடத்தில் ஷ்யாமளா அவரிடம் இப்படிப் பேசியதில்லை. அவருக்கும் அது தெரியும்.

"சொந்தக் காரில் கொண்டுவந்தால் காப்பீடு கிடையாது," என்றார். இழுப்பறையைத் திறந்து வேன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "அந்த ஓட்டுநர் பையனை நான்தான் வேலையை விட்டு அனுப்பினேன். வேன் அப்போதிலிருந்து நின்றே கிடக்கிறது. டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்."

அவ்வளவு பெரிய வண்டியை ஷ்யாமளா ஓட்டியதில்லை. அன்று மாலை வலது தடத்தை விட்டு விலகாமல் வீடுவரை ஓட்டிவந்ததில் தோள்பட்டை இறுகிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலை வான்மதியையும் கூட்டிக்கொண்டு ஆல்டமான்ட் மலை வழியாகக் கிளம்பினாள். காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு பக்கமும் காய்ந்த புல் மலைகளில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"ஆரல்வாய்மொழி மாதிரியே இருக்குல்லக்கா," என்றாள் வான்மதி. மூன்று நாளில் அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கிடங்கில் அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஷ்யாமளா கையெழுத்துப் போட்டாள். ஓர் ஆள் மூன்று பெட்டிகளையும் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். மூன்றாவது பெட்டியை வேனில் ஏற்றும்போது, "இது ஒரு மாதிரி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். போன மழைக்காலத்தில் அந்தப் பக்கம் கூரை ஒழுகியது," என்றான்.

வாசிப்பறையில் முதல் பெட்டியைத் திறந்தார்கள். துளை இயந்திரத்துக்கு வாங்கிய உதிரிப் பாகங்களின் ரசீதுகள். அடிவரை அதுதான். இரண்டாவது பெட்டியில் புகைப்படங்கள் இருந்தன. மூன்றாவதுதான் கிராம வாரியான அறிக்கைகள். எந்தக் கிராமத்தில் எந்தத் தெருவில் யாரோடு பேசிப் பம்பு வைத்தோம் என்று ஹெண்டிரிக்ஸின் ஆட்கள் தட்டச்சு செய்தவை. எல்லாம் நனைந்து, காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல்போல ஆகியிருந்தன. ஓரத்தில் ஒரு தாளை வான்மதி நகத்தால் மெதுவாக நெம்பினாள். எழுத்தோடு சேர்ந்து தாள் உரிந்து வந்தது.

"வேண்டாம், விட்ருங்க," என்றாள் ஷ்யாமளா. "இதைப் பிரிக்கறதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. எங்க லேப்ல ஒருத்தங்க இருந்தாங்க. போன வருஷம் ரிட்டயர் ஆனாங்க. அந்த எடத்துக்கு இன்னும் ஆள் போடல."

"போட மாட்டாங்க."

"போட மாட்டாங்க."

வான்மதி அந்தப் பெட்டியின் மூடியைத் திரும்பப் போட்டாள். அதன்மேல் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஷ்யாமளா அருகிலேயே நின்றாள். என்ன சொன்னாலும் அது நல்லவர்கள் சொல்கிற பேச்சாகத்தான் இருக்கும் என்று தோன்றியதால் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று வேனை நூலகத்திலேயே விட்டுவிட்டுத் திரும்பும்போது கார் சாவியை வான்மதி வாங்கிக்கொண்டாள். "இன்னிக்கு நான் ஓட்டறேன்க்கா. நீங்க தூங்குங்க." ஷ்யாமளா மறுக்கவில்லை. சுனோல் மேடு எப்போது வந்தது, எப்போது போனது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் வான்மதி புகைப்படங்களோடு இருந்தாள். அவை இயந்திரத்தைக் காட்டுவதற்காக எடுக்கப்பட்டவை. நடுவில் பம்பு, பக்கத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர், ஊர்ப் பெரியவர், மாலை. பின்னால் எழுதியிருந்ததெல்லாம் கிராமத்தின் பெயரும் துளையின் ஆழமும்தான். வான்மதி பம்பைப் பார்க்கவேயில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் படத்தின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை ஷ்யாமளாவைக் கூப்பிட்டாள். "இதப் பாருங்கக்கா."

பம்பு மேடையை ஒட்டிக் குடங்கள் வரிசையாக இருந்தன. பெண்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஷ்யாமளாவுக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

"இன்னும் இடப்பக்கம். சுவர் ஓரம்."

அங்கே மூன்று பெண்கள் இருந்தார்கள். படத்துக்காக நின்றவர்கள் இல்லை. அவர்களுடைய குடங்கள் வரிசைக்கு வெளியே மண்ணில் இருந்தன. மூன்று பேரும் கேமராவைப் பார்க்கவில்லை. பம்பு அடிக்கும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாராவது அடிச்சு ஊத்துவாங்களான்னு நிக்கறாங்க," என்றாள் வான்மதி. "ஒரு படத்துல இல்லக்கா. இதுவரைக்கும் பாத்ததுல பல ஊர்ல இப்படித்தான் இருக்கு. எங்கேயும் ஓரத்துலதான். படம் எடுத்தவருக்கே அவங்க உள்ள வந்தது தெரிஞ்சிருக்காது."

ஷ்யாமளா பூதக்கண்ணாடியை வாங்கி மறுபடி பார்த்தாள். இந்தப் படங்களுக்கு எண் போட்டு அட்டவணைக் குறிப்பு எழுதியவள் அவள்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில். கணினியில் தேடி எடுத்துப் பார்த்தாள். 'அடிபம்பு. கிராமப் பெண்கள், குடங்கள்' என்று இருந்தது. தவறில்லை. ஆனால் இதைப் படிக்கிற யாரும் அந்த மூன்று பேரைத் தேடி வரப்போவதில்லை.

"வான்மதி, நீ சொல்லு, நான் மாத்தறேன்," என்றாள். அவளை நீ என்று கூப்பிட்டது அப்போதுதான்.

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார்கள். வான்மதி சொல்லச் சொல்ல ஷ்யாமளா தட்டச்சு செய்தாள். எங்கே நிற்கிறார்கள், குடம் எங்கே இருக்கிறது, மேடையைத் தொடுகிறார்களா இல்லையா. சில படங்களில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே சொல்ல முடியவில்லை என்றே எழுதச் சொன்னாள் வான்மதி. அலுப்பான வேலை. கண் எரிந்தது, முதுகு வலித்தது. பிற்பகலில் கரோலின் வந்து எட்டிப்பார்த்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஷ்யாமளா சொன்னதும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சில படங்களைப் பார்த்தார். பிறகு ஒரு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

எல்லாப் படங்களையும் முடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை டெக்சாஸிலிருந்து வான்மதிக்கு அழைப்பு வந்தது. அவள் பாடம் நடத்துகிற கல்லூரியில் கோடை வகுப்பு எடுக்கவிருந்த ஒருவர் வரவில்லையாம், உடனே வந்தால் அந்த வகுப்பு அவளுக்கு. அவள் யோசிக்கவே இல்லை, சரி என்றாள். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, எதற்காகத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள்.

"தங்கறதுக்கு எடம்?" என்று கேட்டாள் ஷ்யாமளா.

"ஃப்ரெண்டு வீட்டு சோபா இருக்குக்கா. பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை விமான நிலையத்துக்குப் போகும்போது மாரிசாமியும் கூட வந்தான். வழியில் சொன்னான், "எங்க ஊர்ல எனக்கு ஒரு க்ளாஸ்மேட் இருந்தாம்மா. காலனிப் பையன். அவன் நம்பரக் கண்டுபிடிச்சேன். பேசலாம்னு இருக்கேன். அவன் பேசுவானான்னு தெரியல. பேசினா, உங்ககிட்ட சொல்லச் சொல்லட்டுமா?"

"அவர் இஷ்டப்பட்டா சொல்லட்டும்ணா," என்றாள் வான்மதி. "நீங்க வற்புறுத்தாதீங்க. மொதல்ல அவர் எப்படி இருக்காருன்னு கேளுங்க."

அவளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மாரிசாமி ஓட்டினான்.

ஆகஸ்ட்டில் கரோலின் வேலையை விட்டார். அவராக விட்டாரா, விடச் சொன்னார்களா என்று யாருக்கும் தெரியாது. செப்டம்பரில் ஷ்யாமளாவின் பதவி நீக்கப்பட்டது. அதற்கும் வக்கீல்கள் எழுதிய மின்னஞ்சல்தான் வந்தது. அதுவரை மதிய இடைவேளையில் மீதிப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, வான்மதி சொல்லித்தந்த விதத்தில் குறிப்புகளைத் திருத்திக்கொண்டே இருந்தாள். முக்கால்வாசி முடிந்திருந்தது. ஒட்டிப்போன பெட்டியை யாரும் தொடவில்லை. அது வாசிப்பறைக்குப் பின்னால் ஓர் அலமாரியில் இருந்தது.

பக்கத்து ஊரான டப்ளினில் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. புதுப் பிள்ளைகளின் சேர்க்கை விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற வேலை. மலை ஏற வேண்டியதில்லை. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் மாதம் முழுக்க, வந்ததும் சோபாவில் படுத்துத் தூங்கினாள். எட்டு வருடத் தூக்கம் பாக்கியிருந்ததுபோல.

மாரிசாமியின் பள்ளித் தோழன் பேசினான். முதல் இரண்டு தடவை தன் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசினான். மூன்றாவது தடவை பம்பைப் பற்றிச் சொன்னான். மாரிசாமி அன்று போனை வைத்த பிறகு வெளியே போய்த் தெருவில் வெகுதூரம் நடந்துவிட்டு வந்தான். தோழன் என்ன சொன்னான் என்று ஷ்யாமளா விசாரிக்கவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் வான்மதி கூப்பிட்டாள். புகைப்படங்களை வைத்து ஓர் அத்தியாயம் எழுதி முடித்துவிட்டாளாம். ஓர் ஆய்விதழ் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அறிக்கைகள் கிடைக்காத அத்தியாயம் அப்படியே நிற்கிறது. வசந்த காலப் பருவத்தில் நடத்துவதற்குக் கல்லூரியில் இரண்டு வகுப்புகள்தான் தந்திருக்கிறார்கள்.

"நியூ ஜெர்சில ஒரு லைப்ரரி இருக்குக்கா. மிஷன் ஆஸ்பத்திரி பேப்பர்ஸ் வெச்சிருக்காங்க. ரெண்டு வார ஃபெல்லோஷிப். நாளையோட டெட்லைன். அப்ளை பண்ணலாமா, விட்டுடலாமான்னு தெரியல. ரொம்ப டயர்டா இருக்கு."

எத்தனை விண்ணப்பங்களைப் படித்தவள் ஷ்யாமளா. எந்தப் பத்தியில் குழு கவனம் சிதறும், எங்கே நிமிர்ந்து உட்காரும் என்று அவளுக்குத் தெரியும்.

"எழுதி வெச்சிருக்கியா?"

"அரைகுறையா."

"எனக்கு அனுப்பு. நான் படிச்சு, எங்க வெட்டணும்னு சொல்றேன். நீ அதுக்குள்ள கொஞ்சம் தூங்கு."

"நீங்க இன்னிக்கு ரெஸ்ட் எடுக்கலியா?"

"நான் நெறைய தூங்கிட்டேன்டி. நீ அனுப்பு."

மின்னஞ்சல் வந்ததும் ஷ்யாமளா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். முதல் பத்தி நீளமாக இருந்தது. அதை எடுத்துவிட்டு, சுவர் ஓரத்து மூன்று பெண்களோடு தொடங்கச் சொல்லி ஓரத்தில் எழுத ஆரம்பித்தாள்.